விதைக்குள் ஒளித்திருந்த காய்ச்சல்

வத்தளை
2024 ஜூன் 3

கௌசி,

போன் எடுக்க வேண்டாம், சொல்ல இருக்கிறதை எழுதுங்கோ என்றாய். எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் இவ்வளவு நீளமாக ஒன்றும் எழுதியதில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கராயனில் நடந்ததையே பஸ்ஸில் வரும் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். அம்மா சோறு போட்டுக்கொண்டு நின்றா. உன் அண்ணன் சிவகரன் புளியங்குளத்திலிருந்து உன்னைப் பார்க்க வந்து கதிரையில் இருந்தார். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்தது பிழைதான். உன்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கொழும்பிலிருந்து அந்தக் கதையை நெஞ்சில் சுமந்துகொண்டு வந்தவனுக்கு அதற்கு மேல் பொறுமை இருக்கவில்லை.

"கௌசி, எனக்குள்ள ஒரு கிருமி இருக்காம். அது பிள்ளைக்கும் போகலாமாம்" என்றேன்.

நீ கேட்ட முதற் கேள்வி, "ஆரிட்டப் போனனீங்கள்?"

உன் அண்ணன் என் பையைத் தூக்கி முற்றத்தில் வைத்தார். நீ அதைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

நான் ஒருத்தியிடமும் போகவில்லை. வெளிநாட்டில் நான் வேலை செய்த ஹோட்டல் தீவை விட்டு வெளிக்கிட முந்திய கிழமை எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேனே, நினைவிருக்கிறதா? கண் சிவந்து, மூட்டெல்லாம் நொந்து, நெஞ்சில் சிவப்புச் சிவப்பாகப் போட்டது. அங்கே இருந்த தாதி பனடோல் தந்தா. இரண்டொரு நாளில் சுகம் வந்தது. மாசிக் கடைசியில் வீட்டுக்கு வந்து பங்குனி முழுக்க உன்னோடு இருந்தேன். பிறகு இங்கே ஏசி திருத்தும் கடையில் வேலை கிடைத்து வந்துவிட்டேன். அடுத்த மாதமே "தங்கியிருக்கு" என்று நீ சொன்னாய். அன்று கடையில் எல்லாருக்கும் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

தீவில் என்னோடு ஒரே அறையில் இருந்த கேரளாக்காரன் ஜோபி போன மாதம் அழைத்தான். அவனுக்கும் அதே காய்ச்சல் வந்தது. ஊருக்குப் போய்ச் சோதித்தபோது அதற்குப் பெயர் சிக்கா வைரஸ் என்றார்களாம். "உன் மனைவிக்குப் பிள்ளை ஏதும் தங்கியிருந்தால் உடனே டொக்டரிடம் போ" என்றான். போனேன்.

டொக்டர் கடதாசியில் படம் கீறிக் காட்டினார். நுளம்பு கடித்தால் கிருமி இரத்தத்துக்குப் போகும். அங்கிருந்து உடம்பு அதைக் கெதியில் துரத்திவிடும். ஆனால் ஆணின் விதைக்குள் உடம்பின் காவல் இலேசில் நுழைவதில்லை. அங்கே சண்டை நடந்தால் விந்தணுக்கள் செத்துப்போகும் என்று உடம்பே அந்தக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறதாம். இந்த வைரஸ் அந்தக் கதவுக்குப் பின்னால் போய் ஒளித்துக்கொள்கிறது. ஆளுக்குக் காய்ச்சலோ நோவோ ஒரு வருத்தமும் தெரியாது. மாதக்கணக்கில் அங்கே கிடக்கும். என் இரத்தத்தில் இப்போது ஒன்றும் இல்லை. விந்தில் இன்னும் அடையாளம் இருக்கிறது.

இதுதான் நடந்தது. நீ என்னை நம்புவது பிறகு இருக்கட்டும். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் இதைச் சொல்லு.

சுதாகரன்


அக்கராயன்
2024 ஜூன் 11

திரு. சுதாகரன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நல்ல விளக்கமாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எனக்கு அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதவில்லை.

பிள்ளை இல்லாமல் ஆறு வருசம். எத்தனை கோயில், எத்தனை கிளினிக். உங்கள் ஆட்கள் என்னைப் பார்த்த பார்வை, எங்கள் ஆட்கள் உங்களைப் பார்த்த பார்வை. "தோட்டக்காட்டு ஆளைக் கட்டினாய், இப்ப பார்" என்று, உங்கள் ஆட்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் என்பதற்காக, என் வீட்டில் சொன்ன கதையெல்லாம் உங்களுக்குத் தெரியும். இப்போதுதான் நான் தெருவில் நிமிர்ந்து நடக்கத் தொடங்கினேன். நீங்கள் சோற்றுக் கோப்பையை வைத்துக்கொண்டு "கிருமி" என்றீர்கள். நான் வேறென்ன கேட்பேன்? விந்தால் வருகிற வருத்தம் என்றால் ஊரில் எதை நினைப்பார்கள்? நானும் ஊரில் ஒருத்திதானே.

அண்ணா என்னைப் புளியங்குளத்துக்கு வரச் சொல்லி நிற்கிறார். நான் போகவில்லை. உங்களுக்காக இல்லை. மாமி மூன்று நாளாகச் சாப்பிடாமல் கிடந்தா. அவவை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

ஆஸ்பத்திரிக்கும் இன்னும் போகவில்லை. பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கிற எங்கள் மருத்துவமாது தர்மிளா அடுத்த ஒழுங்கையில் இருக்கிறா. அவவிடம் சொன்னால் அது அவவின் வேலை, வெளியில் விடமாட்டா. அது எனக்குத் தெரியும். இருந்தும் வாசலுக்குப் போய்ப் போய்த் திரும்பி வருகிறேன். இருந்தால் எழும்பவேண்டும் போல் இருக்கிறது, எழும்பினால் இருக்கவேண்டும் போல் இருக்கிறது. வாய்க்கால் கரையால் நடக்கிறேன். ஒரு வேலையும் முடிவதில்லை.

ஒரு கேள்வி மட்டும். கிருமி அந்த விந்தணுவுக்குள்ளேயே இருந்ததென்றால், அதிலிருந்து உண்டான பிள்ளை முழுக்க அந்தக் கிருமிதானா? கையும் காலும் கண்ணும் எல்லாம்? உங்கள் டொக்டரிடம் இதைக் கேட்டு எழுதுங்கோ. என் தலைக்குள் இது ஒன்றுதான் ஓடுகிறது.

கௌசலா


வத்தளை
2024 ஜூன் 17

கௌசி,

கடிதம் கிடைத்த அன்றே வேலையில் அனுமதி கேட்டுக்கொண்டு டொக்டரிடம் ஓடினேன். உன் கேள்வியை உன் சொல்லிலேயே வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "கெட்டிக்காரி. எல்லாரும் கேட்கவேண்டிய கேள்வி" என்றார்.

அவர் சொன்னதை விளங்கினபடி எழுதுகிறேன். இந்த வைரஸ் விந்தின் நீரிலும் இருக்கும், விந்தணுவிலேயே இருப்பதையும் கண்டிருக்கிறார்களாம். ஆனால் அது பிள்ளையின் இயல்போடு கலந்து பரம்பரையாகப் போகிற சாதி இல்லை. வேறு சில வைரஸ்கள் அப்படிச் செய்யுமாம், இது செய்யாது. பெரும்பாலும் இது முதலில் தாயின் உடம்பில் தொற்றும். பிறகு நச்சுக்கொடியைத் தாண்டினால்தான் பிள்ளையிடம் போகும். தாய்க்குத் தொற்றாமலே போகலாம். தொற்றினாலும் தாண்டாமல் விடலாம். தாண்டினாலும் எல்லாப் பிள்ளைக்கும் பழுது வருவதில்லை.

"பழுது வந்தால் என்ன நடக்கும் டொக்டர்?" என்று கேட்டேன். கேட்காமல் வந்திருக்கலாம். மூளை உருவாகிற நேரத்தில் அதன் அணுக்களைத்தான் இது தேடிப் போகுமாம். தலை சிறிதாகிப் போகலாம். கண், காது பாதிக்கலாம். உன்னிடம் மறைத்தால் பிறகு, மறைத்தேன் என்று வரும். அதனால் எழுதிவிட்டேன்.

நேற்று ஒரு கட்டடத்தின் வெளிச்சுவரில் ஏசி பூட்டும்போது இடுப்புப் பட்டியைக் கொழுவ மறந்துவிட்டேன். கீழே இருந்து முதலாளி கத்தினபிறகுதான் பார்த்தேன். ஒன்றிலும் மனம் நிற்குதில்லை.

தர்மிளாவிடம் போ, கௌசி. தயவு செய்து.

சுதா


வத்தளை
2024 ஜூலை 10

கௌசி,

பதில் இல்லை. சுகமாக இருக்கிறாய் என்று ஒரு வரி போதும். திட்டியாவது எழுது.

சுதா


அக்கராயன்
2024 ஜூலை 24

சுதாகரன் அறிய,

போனேன். தர்மிளா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சீலையைக் கூட மாற்றாமல் அப்படியே ஸ்கூட்டியில் என்னை ஏற்றினா. மாமியும் தான் வருவேன் என்று பின்னால் பஸ்ஸில் வந்து சேர்ந்தா.

கிளிநொச்சியில் டொக்டர் ஒரு பெண். பொறுமையாகக் கேட்டா. இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். எல்லாம் முடிந்து எழும்பும்போது மாமி மேசைக்குக் கிட்டப் போய் நின்றா.

"டாக்டரம்மா, எனக்கு ஒன்னே ஒன்னு சொல்லுங்க. எம்மகன் கெட்ட எடத்துக்குப் போனானா, இல்லியா?"

எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. டொக்டர் சிரிக்கவில்லை.

"அதை இரத்தம் சொல்லாது அம்மா. ஆனா இந்தக் கிருமி வாறதுக்கு ஒரு நுளம்பு கடிச்சாலே காணும். கெட்ட இடம் தேவையில்லை."

"அப்ப போகலேன்னு எழுதித் தர ஏலாதா?"

"ஏலாது அம்மா. ஆராலும் ஏலாது."

மாமி வெளியில் கிடந்த மர வாங்கில் இருந்து அழுதா. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னா: "இந்தப் பேச்சியம்மா பெத்தது பொய் பேசாது புள்ள. ஆனா நீ நம்புறது ஒன்னோட இஷ்டம். நா கேக்க மாட்டேன்." அன்றிலிருந்து திரும்பவும் ஒழுங்காகச் சமைக்கிறா, சாப்பிடுகிறா.

இரத்த முடிவு வந்துவிட்டது. அதிலும் நிம்மதி இல்லை. எனக்கு முன்பு டெங்கு வந்ததே, அதன் அடையாளமும் இதன் அடையாளமும் சோதனையில் ஒன்றுபோல் காட்டுமாம். காலமும் கடந்துவிட்டது. தொற்றியது என்றும் சொல்ல ஏலாது, தொற்றவில்லை என்றும் சொல்ல ஏலாது என்றா டொக்டர். மாதாமாதம் ஸ்கான் செய்து தலையை அளந்துகொண்டு போவதுதான் வழி.

பிறகு அவ கேட்டா, "பங்குனி, சித்திரையில காய்ச்சல், தடிப்பு ஏதும் இருந்ததோ?"

இருந்தது. நெல் காயவிட்ட நாட்கள். கழுத்திலும் கையிலும் தடித்து ஒரே கடி, சொறிச்சல். நெற்சுணை என்று தேங்காயெண்ணெய் பூசினேன். நீங்கள்தான் முதுகுக்குப் பூசிவிட்டீர்கள். சுணையாகவும் இருக்கலாம். வருசா வருசம் எனக்குக் கடிக்கிறதுதானே. டொக்டர் எழுதிக்கொண்டா. அவ எழுதின விதத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

பிள்ளை துடிக்கத் தொடங்கிவிட்டது. அதை உங்களுக்குச் சொல்லாமல் விடுவோம் என்றுதான் இருந்தேன்.

கௌசலா


வத்தளை
2024 ஜூலை 30

கௌசி,

எண்ணெய் பூசின கை இது. கடிதத்தைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போய் நின்றேன்.

உன் அண்ணன் அழைத்தார். "என்ர தங்கச்சியின்ர வாழ்க்கையையும் கெடுத்து, வயித்தில இருக்கிறதையும் கெடுத்துப்போட்டாய்" என்றார். எனக்கு நானே சொல்லிக்கொள்வதைத்தான் அவர் சொன்னார்.

ஒன்று எழுதவேண்டும், எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இங்கே வேலை செய்யும் ஒருவர் தனக்குத் தெரிந்த ஓரிடம் இருக்கிறது என்றார். சட்டத்தில் இடமில்லைதான். ஆபத்தும் இருக்கிறது. நான் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உடம்பு உன்னுடையது. நீ என்ன முடிவெடுத்தாலும் உன்னோடு நிற்பேன் என்று மட்டும் சொல்ல நினைத்தேன்.

சுதா


அக்கராயன்
2024 ஓகஸ்ட் 6

உங்கள் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். மாமியின் கண்ணில் படக்கூடாது.

"வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை." இதுதானா என்னோடு நிற்பது? நீங்கள் வத்தளையில் நின்றுகொண்டு இரண்டு கதவையும் திறந்து வைக்கிறீர்கள். எந்தக் கதவால் போனாலும் போகிறவள் நான்.

நான் அதை நினைக்காதவள் இல்லை. வாய்க்கால் கரையில் நடக்கும்போது நினைத்திருக்கிறேன். பிள்ளை தலை நிமிராமல், கண் தெரியாமல், நானும் நீங்களும் இல்லாத காலத்தில் யாரிடம் இருக்கும் என்று நினைத்திருக்கிறேன். நினைத்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். நான் பெறப்போகிறேன். இதை உங்களிடம் கேட்கவில்லை, சொல்கிறேன்.

நேற்று ஸ்கான். தலை கொஞ்சம் சின்னனாம். சரியான அளவென்று போட்ட கோட்டுக்கு உள்ளேதான், ஆனால் கீழ்ப்பக்கம். "இப்ப ஒண்டும் சொல்ல ஏலாது, அடுத்த மாதம் எப்பிடி வளருது எண்டு பாப்பம்" என்றா டொக்டர். எல்லாரும் எனக்குச் சொல்கிற ஒரே வசனம் இதுதான்.

கௌசலா


வத்தளை
2024 ஓகஸ்ட் 14

கௌசி,

நீ சொன்னது சரி. நான் இரண்டு கதவுக்கும் நடுவில் நின்றேன். பயத்தில் நின்றேன். எனக்கும் இந்தப் பிள்ளை வேண்டும். தலை எந்த அளவில் இருந்தாலும் வேண்டும். இதை அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும்.

திரும்பச் சோதித்தார்கள். இப்போது விந்திலும் இல்லை. டொக்டர் கைகொடுத்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. என்னில் ஒரு கீறலும் இல்லாமல் வந்து, இருந்து, போயும் விட்டது. பிள்ளைக்கு ஏதும் செய்ததோ செய்யவில்லையோ என்பதை மட்டும் உன்னிடம் விட்டுவிட்டது.

அடுத்த ஸ்கானுக்கு வரட்டா? வாசலில் நிற்கச் சொன்னாலும் நிற்பேன்.

சுதா


அக்கராயன்
2024 ஒக்டோபர் 3

சுதா,

நீங்கள் வந்துபோன பிறகு எழுதவேண்டும் என்று இருந்தேன். ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று.

கிளினிக்கில் அவ்வளவு பேர் வரிசையில் இருக்க, தாதி வந்து கதவடியில் நின்றே உங்களிடம் விந்துச் சோதனை பற்றிக் கேட்டா. அண்ணாவும் பக்கத்தில். நான் முந்தானையால் முகத்தை மூடினேன். நீங்கள் தலை குனியவில்லை. எப்போது காய்ச்சல் வந்தது, எப்போது சோதித்தது, எப்போது இல்லாமல் போனது என்று ஒன்றும் விடாமல் சொன்னீர்கள். பிறகு உள்ளே திரையில் பிள்ளையின் தலையைக் காட்டினபோது, நல்லபடி வளர்கிறது என்று டொக்டர் சொன்னபோது, இன்னொருக்கால் அளந்து காட்டச் சொல்லி நீங்கள் கேட்டதையும் பார்த்தேன்.

யாராலும் எழுதித் தர முடியாததை இனி நான் கேட்கப்போவதில்லை. நம்புகிறேன். இதற்கு என்னிடம் வேறு அத்தாட்சி கிடையாது.

இன்னொன்று நடந்தது. எங்கள் வேலிக்கு அப்பால் இருக்கிற அமராவதி வந்தா. புருசன் வெளிநாட்டிலிருந்து வருகிறானாம். கலியாணம் முடித்து ஒரு மாதத்தில் போனவன். கோயிலுக்கு நேர்த்தி வைத்து, இந்த முறை எப்படியும் பிள்ளை தங்கவேண்டும் என்று சந்தோசமாகச் சொல்லிக்கொண்டிருந்தா. சொல்லுவமா விடுவமா என்று யோசித்தேன். சொன்னால் என் கதை முழுக்கத் தெரியும். ஊருக்கே தெரிந்துவிடும்.

"அவருக்கு அங்க காய்ச்சல் ஏதும் வந்ததோ?" என்று கேட்டேன்.

"போன மாதம் வந்ததாம் அக்கா. கண்ணெல்லாம் சிவந்து. ஏன்?"

குசினிக்குள் கூட்டிக்கொண்டுபோய் இருத்தி எல்லாம் சொன்னேன். சோதித்துப் பார்க்கும் வரைக்கும், மூன்று மாதம் என்றாலும், பிள்ளைக்கு அவசரப்பட வேண்டாம் என்றேன். பாதுகாப்பு இல்லாமல் சேரவும் வேண்டாம் என்றேன். அவ என் வயிற்றையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தா. "அக்கா, அப்ப உங்கட பிள்ளை?" என்றா. "தெரியாது" என்றேன். என் வாயால் அதை ஒருவருக்குச் சொன்னது அதுதான் முதல் தரம்.

இப்போது ஊருக்கே தெரியும். சிலர் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்கள். அண்ணா "எங்கட மானத்தைச் சந்தியில வித்துப்போட்டாய்" என்று சத்தம் போட்டார். ஆனால் தர்மிளா கிளினிக்கில் கூட்டம் வைத்து, வெளிநாட்டுப் பயணமும் காய்ச்சலும் பற்றி எல்லாத் தாய்மாரிடமும் கேட்கத் தொடங்கியிருக்கிறா. அமராவதியின் புருசன் வந்ததும் நேரே சோதனைக்குத்தான் போனானாம். இருக்கிறது என்று வந்ததாம். அவ ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டா.

கௌசி


வத்தளை
2024 ஒக்டோபர் 9

கௌசி,

கடிதத்தைக் கடையில் வைத்து வாசித்தேன். "நம்புகிறேன்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டுப் போய் ஒரு ஏசியைக் கழற்றிப் பூட்டிவிட்டு வந்துதான் மிச்சத்தை வாசித்தேன்.

அமராவதியிடம் சொல்ல உனக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும். நான் என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

மார்கழிக்கு முன் வந்துவிடுவேன். முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். மழை தொடங்கிவிட்டால் வாய்க்கால் பக்கம் நடக்காதே, வழுக்கும். அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

சுதா


கிளிநொச்சி ஆஸ்பத்திரி
2024 நவம்பர் 22

இஞ்சாருங்கோ,

பெண் பிள்ளை. நேற்று மத்தியானம். நாள் இன்னும் கிடந்தது, அவள் பொறுக்கவில்லை. பிறந்த செய்தியை மாமி உங்களுக்குச் சொல்லியிருப்பா. வெள்ளத்தில் வழி மூடிப்போய் நீங்கள் வவுனியாவில் நிற்கிறீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். அண்ணா இரணைமடுப் பக்கத்தால் சுற்றிக்கொண்டு உங்களைக் கூட்டிவரப் புறப்படுகிறார். இதை அவரிடம்தான் கொடுத்துவிடுகிறேன். மிச்சத்தை நீங்கள் வழியில் வாசித்துவிட்டு வரவேண்டும். வந்து என் முகத்தைப் பார்த்து அறியக்கூடாது.

பிறந்ததும் தலையைச் சுற்றி நாடாவைப் பிடித்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "சரியா இருக்கு, நாளுக்கு ஏத்த அளவு" என்று டொக்டர் சொன்னபிறகும் திறக்கப் பயமாக இருந்தது. கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். அதுவும் நல்லம். அண்ணா வந்து தூக்கினார். உங்கள் பையை முற்றத்தில் வைத்த அதே அண்ணாதான். "தலை நல்ல வட்டமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அங்கால் திரும்பி நின்றார்.

இன்று காலை காதைச் சோதித்தார்கள். சின்ன மெசின். காதுக்குள் வைத்தால் பச்சை விளக்கு எரியவேண்டும். வலது காதுக்கு எரிந்தது. இடது காதுக்கு எரியவில்லை. திரும்ப வைத்துப் பார்த்தார்கள், இல்லை. காதுக்குள் பிறந்த நீர் நின்றாலும் அப்படிக் காட்டுமாம். ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்களாம். பிறகும் இல்லையென்றால் அதற்குச் செய்ய வழி இருக்கிறது என்றார்கள். காதென்று மட்டும் இல்லை, பார்வை, நடை, பேச்சு எல்லாவற்றையும் வருசக் கணக்கில் பார்த்துக்கொண்டே போகவேண்டுமாம். இது அந்தக் கிருமியால்தானா என்று கேட்டேன். டொக்டர் என்ன சொல்லியிருப்பா என்று உங்களுக்குத் தெரியும்.

நான் அழுவேன் என்று நினைத்தேன். அழவில்லை. பசிக்குது என்று கத்துகிறவளை மடியில் வைத்துக்கொண்டு அழ நேரம் எங்கே.

அவளுடைய வலது காதுக்குக் கிட்டப்போய் நான் "குஞ்சு" என்றால் உறிஞ்சுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள். இடது பக்கம் சொன்னால் பேசாமல் குடிக்கிறாள். என் குரல் மெல்லியது, அதனாலும் இருக்கலாம். நீங்கள் வந்ததும் உடுப்பு மாற்றுகிறேன், முகம் கழுவுகிறேன் என்று நிற்காமல், நேரே கட்டிலுக்கு இடது பக்கம் வந்து நில்லுங்கோ. உங்கள் குரலில் ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கோ.

திரும்பாவிட்டால் மற்றப் பக்கம் வந்து கூப்பிடுங்கோ.

கௌசி